குளிர்காலத் தொங்கு கூடைகளில் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

தோட்டக் கொட்டகையின் முகப்பிலோ, மரத்தால் கட்டிய தோட்ட அறையின் வாசலுக்கு இருபுறமுமோ இலையுதிர் காலத்தில் நட்டுத் தொங்கவிட்ட பூக்கூடைகள், பனிக்காலத்தின் நடுவில் களையிழந்து போவது அடிக்கடி நடப்பதுதான். இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும்போது தெரிய வருவது, கோளாறு பெரும்பாலும் செடியிலிருந்து வருவதில்லை, கூடை தொங்குகிற கட்டடத்திலிருந்து வருகிறது என்பதே. கூரையின் விளிம்பு மழையை மறைக்கிறது, அல்லது ஒரே இடத்தில் கொட்டுகிறது. சுவர் வெளிச்சத்தைத் தடுக்கிறது. கட்டடத்தின் மூலை காற்றைத் திருப்பிக் கூடையின் மேல் விடுகிறது. ஆகையால் செடியை மாற்றுவதற்கு முன் அது தொங்கும் இடத்தை ஆராய வேண்டும். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலுமாக வருகின்றன.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

கூடையை அடியிலிருந்து இரு கைகளாலும் சற்றுத் தூக்கிப் பாருங்கள். நீரின்றிக் காய்ந்த கூடை, நீர் தேங்கிய கூடை, உறைந்து இறுகிய கூடை ஆகிய மூன்றிலும் செடி ஒரே மாதிரிதான் வாடித் தெரியும். எடையும் தொட்டால் தெரியும் இறுக்கமும்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். நன்றாக நனைத்து நீர் வடிந்த மறுநாள் ஒருமுறை தூக்கி, அந்தக் கனத்தைக் கையில் பழக்கிக்கொண்டால், பிறகு ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் தண்ணீர்க் குவளையை எடுக்க வேண்டாம். குளிர்காலத்தில் கூடைகள் சாவதற்கு, வாட்டத்தைக் கண்டவுடன் யோசிக்காமல் ஊற்றும் தண்ணீர் ஒரு பெரிய காரணம்.

## அறிகுறி 1: இலைகள் துவண்டு தொங்குகின்றன

### கூடை லேசாக இருந்தால்

மழை நாள்தோறும் பெய்தாலும் கூடை காய்ந்திருக்க முடியும். கூரை விளிம்புக்கு உள்ளே தொங்கும் கூடைக்குச் சாரல்கூட எட்டுவதில்லை. அதே வேளையில் காற்று அதன் எல்லாப் பக்கங்களிலும் பட்டு ஈரத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. விரலை இரண்டாவது கணு வரை, கூடையில் நிரப்பிய நடவுக் கலவைக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் உலர்ந்திருந்தால் காரணம் உறுதி.

காலை வேளையில், வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும் நாளில், மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். மாலையில் விட்ட நீர் வடிவதற்குள் இரவின் பனி அதைப் பிடித்துக்கொள்ளும். ஊற்றிய நீர் நிற்காமல் ஓரமாக வழிந்து அடியில் கொட்டினால், கலவை சுருங்கிக் கூடையின் உள்விரிப்பை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள். அப்போது மேலே ஊற்றிப் பயனில்லை. கூடையை இறக்கி, அகலமான வாளி நீரில் பாதி உயரம் அமிழும்படி வைத்து, குமிழிகள் வருவது நின்றபின் எடுத்து, நன்றாக வடியவிட்டு மாட்ட வேண்டும்.

ஹெதர் செடிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அது ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் மீள்வதில்லை. அதைவிடத் தொல்லை, இறந்த பிறகும் சில வாரங்களுக்கு அது பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சிறு கிளையை வளைத்துப் பாருங்கள்; முறிந்து, உள்ளே பச்சை சிறிதும் இல்லாவிட்டால் காத்திருக்காமல் அகற்றிவிடலாம்.

கூடை அடிக்கடி லேசாகிக்கொண்டே இருந்தால், கொக்கி கூரை விளிம்பைத் தாண்டி வெளியே வரும்படி நீண்ட கையுள்ள பிராக்கெட்டை (கூடையைச் சுவரில் தாங்கும் பொருத்தி) மாற்றுவதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் விளிம்புக்கு நேர் கீழே தொங்கவிடக் கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

### கூடை கனமாக இருந்தால்

செடி வாடியிருக்கிறது, கூடையோ கனக்கிறது என்றால் வேர்கள் நீரில் மூச்சுத் திணறுகின்றன. கலவையை முகர்ந்து பாருங்கள். புளித்த சேற்று வாடை வந்தால் வேரழுகல் தொடங்கிவிட்டது. காரணங்களை இந்த வரிசையில் பார்ப்பது நல்லது.

முதலாவது, உள்விரிப்பாக இட்ட பிளாஸ்டிக் தாளில் துளை இல்லாமை. ஒரு கூர்மையான கம்பியால் அடியிலிருந்து பல இடங்களில் குத்திவிடுங்கள். கோடைக்காக வடிவமைத்த சில கூடைகளில் நீர் சேமிக்கும் தட்டு அடியோடு சேர்ந்தே வரும். குளிர்காலத்துக்கு அதைக் கழற்றிவிட வேண்டும், அல்லது துளையிட வேண்டும்.

இரண்டாவது, கலவையே நீரைப் பிடித்துவைப்பது. கோடையில் கைகொடுக்கும் நீர் உறிஞ்சும் ஜெல் குளிர்காலத்தில் பகையாகிறது. கோடைக் கூடையின் பழைய கலவையிலேயே குளிர்காலச் செடியை நட்டிருந்தால் பெரும்பாலும் சிக்கல் இதுதான். இறக்கி, செடிகளை மெல்ல எடுத்து, நான்கில் ஒரு பங்கு பெர்லைட்டோ (நீர் வடிய உதவும் லேசான வெண்துகள்) பருமணலோ சேர்த்த புதிய கலவையில் மீண்டும் நடுங்கள். வெண்மையாக விறைப்பாக இருக்கும் வேர்கள் நல்லவை. பழுப்பேறி, இழுத்தால் தோல் கழன்று வருபவை அழுகியவை. அழுகிய செடியைக் காப்பாற்ற முயல்வதைவிட மாற்றிவிடுவது சிக்கனம்.

மூன்றாவது, கூரை நீர். நீர் தாங்கும் தகரக் கால்வாய் இல்லாத கொட்டகைகளில், கூரையின் ஒரு பக்கத்து மழை முழுவதும் விளிம்பு வழியாகத்தான் இறங்கும். கலவையின் மேல் ஒரு குழி விழுந்திருப்பதும், பின்சுவரில் மண் தெறித்திருப்பதும் இதற்கான அடையாளங்கள். கூடையை ஒரு கையகலம் நகர்த்தினாலே பலவேளை தீரும். தீராவிட்டால் விளிம்பில் கால்வாய் பொருத்த வேண்டும். சரிவான தகரக் கூரையாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: மொத்தமாகச் சரியும் பனிக்குவியல் கூடையைக் கொக்கியோடு பறித்துக்கொண்டு விழக்கூடும். கால்வாய் ஏற்கெனவே இருந்தும் ஒழுகினால், இலைச் சருகை அகற்றிப் பாருங்கள். அதன் பின்பும் ஒழுகினால் கூரை வேலை தெரிந்தவரை அழைக்கலாம்.

### கூடை கல்லைப் போல இறுகியிருந்தால்

தரையில் நடப்பட்ட செடியின் வேரைச் சுற்றி மண் இருக்கிறது. தொங்கும் கூடையிலோ குளிர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நுழைவதால் வேர்க்கட்டி முழுவதும் உறைகிறது. வெயிலும் காற்றும் இலையிலிருந்து நீரை எடுக்கின்றன, உறைந்த வேரால் ஈடுகட்ட முடிவதில்லை. வெந்நீர் ஊற்றுவதும், சூடேற்றிய அறைக்குள் கொண்டுபோய் வைப்பதும் செடியைக் கொன்றுவிடக்கூடும். கூடையை இறக்கி, சூடேற்றாத கொட்டகைக்குள் தரையில் வைத்து, தானாக இளக விடுங்கள். இளகும் வரை நீர் வேண்டாம்.

கட்டடத்தில் தொங்கும் கூடைக்குள்ள பெரிய வசதியே இதுதான்: உள்ளே வைக்க இடம் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. கடும் உறைபனி வரும் என்று அறிவித்தால் முன்னிரவிலேயே உள்ளே எடுத்துவைத்து, பனி விலகியதும் வெளியே மாட்டுங்கள். சில நாட்கள் உள்ளே இருப்பதால் கேடில்லை. ஆனால் சன்னலோரமாக வைக்க வேண்டும், கதவை அவ்வப்போது திறந்து காற்றுவிட வேண்டும். வாரக்கணக்கில் இருட்டில் வைத்தால் பனியிடமிருந்து தப்பிய செடி பூசணத்திடம் மாட்டிக்கொள்ளும்.

இது ஆண்டுதோறும் நடந்தால், அடுத்த முறை நடும்போது உள்விரிப்புக்கும் கலவைக்கும் இடையே, துளையிட்ட பபிள் ராப் உறையை ஒரு சுற்று வையுங்கள். காலை வெயில் நேரடியாகப் படும் கிழக்குச் சுவரில் உறைந்த பூவும் மொட்டும் விரைவாக இளகிச் சேதமடைவதால், இடத்தை மாற்றுவதும் உதவும்.

### எடையும் ஈரமும் சரி, ஆனாலும் வாட்டம் தீரவில்லை என்றால்

செடியின் அடித்தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். வேரே இல்லாததுபோல் ஆடினாலோ, கையோடு வந்துவிட்டாலோ, கலவையைத் தாளில் கொட்டித் தேடுங்கள். கால் இல்லாத, வெண்மையான, பழுப்புத் தலையுள்ள, வளைந்து கிடக்கும் புழுக்கள் ஒரு சென்டிமீட்டர் நீளம் வரை தென்பட்டால், அவை வைன் வீவில் வண்டின் புழுக்கள். பிரிமுலா, சைக்ளமன், ஹியூக்கேரா ஆகியவற்றின் வேர் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். கண்ட புழுக்களை அகற்றி, கலவையை முழுவதும் மாற்றுவதே உடனடி வழி. கூடைகள் பலவாக இருந்தால், இந்த வண்டுப் புழுக்களை அழிக்கும் நுண்ணிய நூற்புழுக்களைக் கலவையில் நீரோடு ஊற்றலாம். ஸ்டைனர்நீமா கிராசெய் என்னும் வகை கலவையின் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தாலே வேலை செய்யும் என்பதால் குளிர்ப் பருவத்துக்கு அதுதான் பொருந்தும்.

## அறிகுறி 2: பூப்பது நின்றுவிட்டது

பான்சியும் வயோலாவும் கடுங்குளிரில் பூப்பதை நிறுத்தி, இதமான சில நாட்கள் கிடைத்ததும் மீண்டும் பூக்கும் இயல்புடையவை. இலை பச்சையாக, விறைப்பாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குளிர் தணிந்தும் பூக்காவிட்டால் கீழ்வருவனவற்றைப் பாருங்கள்.

வாடிய பூக்களுக்குப் பின்னால் விதைக்காய்கள் திரண்டிருக்கின்றனவா? விதை பிடித்த செடி பூவைக் குறைத்துக்கொள்ளும். பூவை மட்டும் கிள்ளினால் போதாது. காம்போடு, அடியில் இலை பிரியும் இடம் வரை கிள்ள வேண்டும்.

தண்டு நீண்டு, மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்கிறதா? வெளிச்சம் போதவில்லை. குளிர்காலச் சூரியன் தாழ்வாக நகர்வதால், கோடையில் நல்ல வெயில் பட்ட சுவர் இப்போது நாள் முழுவதும் நிழலில் இருக்கலாம். நண்பகலில் ஒருமுறை போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நண்பகல் வெயில் படும் சுவருக்குக் கூடையை மாற்றி, நீண்ட தண்டுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டால் கீழிருந்து துளிர்க்கும். வெயிலே வராத சுவருக்குப் பூவை நம்பாமல் ஐவி, கால்தீரியா, ஸ்கிம்மியா போன்ற இலைக்கும் கனிக்கும் அழகான செடிகளை நடுவது அறிவுடைமை. இருண்ட சுவரில் சுணங்கிய பான்சியைவிட வெள்ளை விளிம்புள்ள ஐவி எவ்வளவோ எடுப்பாக இருக்கும்.

ஹெதரின் மொட்டு விரியவேயில்லை என்பது அடிக்கடி வரும் புகார். ஹெதரில் ஒரு பிரிவான கலூனா இனத்தில் மொட்டு நிலையிலேயே நின்றுவிடும் வகைகள் உண்டு. விரியாததால்தான் அவற்றின் நிறம் மாதக்கணக்கில் நிற்கிறது. அது கோளாறு அல்ல.

பூவுக்காக உரமிட வேண்டாம். குளிரில் செடி அதை எடுத்துக்கொள்வதில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தால் வரும் மென்தளிர் முதல் பனியிலேயே கருகும். பகல் நீண்டு, செடி புதிதாகத் துளிர்க்கும் பருவத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த திரவ உரம் கொடுத்தால் போதும்.

## அறிகுறி 3: இலையின் நிறம் மாறுகிறது

ஊதா அல்லது சிவப்பு நிறம் ஏறுகிறது. பெரும்பாலும் குளிரில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாத வேரின் விளைவு இது. வெப்பம் கூடினால் தானாக மறையும். அலங்கார முட்டைகோஸ் குளிர்ந்த இரவுகளில்தான் நிறம் பிடிக்கும் என்பதால் அதில் இது விரும்பத்தக்கதே.

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கிறது. கால்தீரியா, ஸ்கிம்மியா, கலூனா ஆகியவை சுண்ணாம்பை ஏற்காதவை. கடினநீர் தொடர்ந்து விட்டிருந்தால் மழைநீருக்கு மாறுங்கள். அடுத்த முறை அமிலக் கலவையில், இந்த வகைகளை மட்டும் ஒரே கூடையில் சேர்த்து நடலாம்.

சாம்பல் நிறப் பஞ்சு போலப் படர்கிறது. இது சாம்பல் பூசணம். உதிர்ந்த பூவும் அழுகிய இலையும் சைக்ளமனின் நடுக்கொத்தில் தங்கும்போது அங்கிருந்து தொடங்கும். பாதித்தவற்றை உலர்ந்த நாளில் அகற்றி, கூடைக்கு வெளியே போடுங்கள். செடிகளின் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். நீரை இலைமேல் ஊற்றாதீர்கள். சைக்ளமன் ஒரே இரவில் கூழாகிச் சரிந்தால் அது பூசணமன்று, பனிச்சேதம். இலையுதிர் காலத்தில் பெரிதும் விற்கப்படும் பெரும்பூ வகையான சைக்ளமன் பெர்சிகம் கடும் உறைபனியைத் தாங்காது. சிறுபூ வகையான சைக்ளமன் கௌம் தாங்கும்.

பான்சி இலைகளில் வட்டப் புள்ளிகள் பரவுகின்றன, அல்லது அடியில் வெளிறிய பூசணம் தெரிகிறது. சில இலைகளோடு நின்றால் கிள்ளி எறியுங்கள். செடி முழுவதும் மஞ்சளாகிச் சுருங்கினால் அதைக் கலவையோடு அகற்றுங்கள். அதே கலவையில் மீண்டும் பான்சி நடக் கூடாது, ஏனெனில் நோய் கலவையில் தங்கும்.

சுவர்ப் பக்கத்து இலைகள் மட்டும் கருகுகின்றன. நோயைத் தேடுமுன் சுவரை முகர்ந்து பாருங்கள். அண்மையில் மரப் பாதுகாப்பு எண்ணெய் பூசியிருந்தால் அதன் ஆவி இலையைச் சுடும். கிரியோசோட் பூசிய மரம் இதில் மிகக் கொடியது. வாடை முற்றிலும் போகும் வரை கூடையை வேறிடத்தில் மாட்டுங்கள். வாடை இல்லையெனில், கருகல் சுவரில் உரசுவதால் வந்ததா என்று அறிகுறி 6-இல் பாருங்கள்.

## அறிகுறி 4: கூடை நிரம்பவேயில்லை

கோடைக் கூடை வளர்ந்து நிரம்பும். குளிர்காலக் கூடை, நட்ட அன்று எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கோடைக்கு விடும் இடைவெளியில் நட்டிருந்தால் வசந்தம் வரை வெறுமையே தெரியும். தீர்வு எளிது: இடைவெளிகளில் சிறு வயோலாக்களையும் ஐவிக் கொடிகளையும் செருகிவிடுங்கள். நீர் ஊற்ற விளிம்புக்குக் கீழே 2 சென்டிமீட்டர் இடம் மட்டும் விட்டால் போதும்.

குளிர் இறங்கிய பிறகு நட்டதென்றால் வேர் இன்னும் ஊன்றியிருக்காது. கடும் உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் நடுவதே பாதுகாப்பு. பிந்தி நடுபவர்கள் சிறு நாற்றுகளை விட்டு, தொட்டியில் நிறைந்து வளர்ந்த செடிகளையே வாங்க வேண்டும்.

## அறிகுறி 5: கலவை கிளறப்பட்டிருக்கிறது, நார் பிய்ந்திருக்கிறது

பாசியையும் தென்னை நாரையும் பறவைகள் கூடு கட்ட இழுத்துச் செல்கின்றன. குரோக்கஸ் போன்ற கிழங்குகளை அணிலும் எலியும் தோண்டுகின்றன. வெளிப்புறத்தில் மெல்லிய கம்பி வலை சுற்றி, மேற்பரப்பிலும் ஒரு துண்டை முளைகள் நுழையும் கண்ணளவில் பதித்துவிடுங்கள். இரவில் மட்டும் தோண்டப்பட்டு, கொட்டகைக்குள்ளும் எலிப்புழுக்கை தென்பட்டால், கட்டடத்தில் நுழைவழி இருக்கிறது. அதை அடைக்காமல் கூடையைக் காப்பது வீண்.

## அறிகுறி 6: கூடை சுழல்கிறது, சுவரில் உரசுகிறது

35 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூடையின் பாதி அகலமே 17.5 சென்டிமீட்டர், அதற்கு மேல் செடி படரும். ஆகவே கொக்கி சுவரிலிருந்து 25 சென்டிமீட்டராவது விலகி இருக்க வேண்டும். அளந்து பார்த்து, குறைந்தால் பிராக்கெட்டை மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் ஆடினால், கூடையின் பின்விளிம்பை மெல்லிய கம்பியால் பிராக்கெட்டின் அடிக்காலோடு கட்டுங்கள். சங்கிலி கொக்கியில் உராயும் இடத்தையும் பருவத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தேய்ந்து மெலிந்திருந்தால் கொக்கியை மாற்றிவிடுங்கள். ஓயாமல் காற்றடிக்கும் மூலையில் எந்த ஏற்பாடும் நிற்காது. அங்கே சுவரோடு ஒட்டிய அரைவட்டக் கூடையே பொருந்தும்.

## அறிகுறி 7: பிராக்கெட் தொய்கிறது, சுவரில் கறை தெரிகிறது

இதைத் தள்ளிப்போடக் கூடாது. நனைந்த கூடையின் எடை 10 கிலோவைத் தாண்டும். அது விழுந்தால் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து விழாது. முதலில் கூடையை இறக்கிவிட்டுப் பிறகு ஆராயுங்கள்.

திருகாணி தளர்ந்திருந்தால், அது எதில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். கொட்டகைச் சுவர்ப் பலகைகளின் தடிமன் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர்தான். பலகையில் மட்டும் பதிந்த திருகாணி கூடையைத் தாங்காது. பலகையில் மேலிருந்து கீழாக ஆணித் தலைகள் ஒரே வரிசையில் தெரியும் இடத்துக்குப் பின்னால்தான் உள்சட்டம் இருக்கிறது. பிராக்கெட்டை அங்கே மாற்றுங்கள். விரும்பிய இடத்தில் சட்டம் இல்லாவிட்டால், உட்புறத்தில் இரு சட்டங்களுக்கு இடையே ஒரு தடித்த பலகையைக் குறுக்காகப் பொருத்தி, போல்ட்டை இரு பலகைகளையும் ஊடுருவவிட்டு, உள்ளே அகன்ற வாஷரும் நட்டும் இட்டு முறுக்கலாம்.

திருகாணியைச் சுற்றிக் கருநீலக் கறை படர்ந்தால், ஓக், சீடர் போன்ற மரங்களின் துவர்ப்பொருள் இரும்போடு வினைபுரிந்திருக்கிறது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்கு மாறினால் மேற்கொண்டு பரவாது. கூடைக்குக் கீழே நீண்ட பச்சைக் கறை இருந்தால் அது வடியும் நீரின் தடம். சுவரிலிருந்து கூடையை இன்னும் விலக்குங்கள்.

கறை படிந்த இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். முனை எளிதாக உள்ளே இறங்கினால் மரம் இற்றுவிட்டது. பலகை மட்டும் இற்றிருந்தால் பலகையை மாற்றலாம். உள்சட்டமும் இற்றிருந்தால் தச்சரை அழைக்க வேண்டிய கட்டம் இது. அவர் பார்த்து முடிக்கும் வரை அந்தச் சுவரில் எதையும் மாட்டக் கூடாது.

வேறு இரண்டு வேளைகளிலும் கைவைக்காமல் வல்லுநரை அழைக்க வேண்டும். கூடையைச் சுற்றிக் கட்டிய சீரியல் விளக்குகள் மழைக்குப் பின் மின் இணைப்பை டிரிப் ஆக்கினாலோ, துளையிட வேண்டிய இடத்தின் பின்னால் மின்கம்பி செல்வதாக ஐயம் இருந்தாலோ, அது மின்பணியாளரின் வேலை. சுவரோ கூரையோ சாம்பல் நிறப் பழைய சிமெண்டுத் தகடாக இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். டிரில் செய்தால் எழும் தூசு நுரையீரலுக்குக் கொடிய கேடு. தகுதியுள்ளவர் பரிசோதித்துச் சொல்லும் வரை அதில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். அத்தகைய கட்டடத்துக்கு, சுவரைத் தொடாமல் தரையில் ஊன்றி நிறுத்தும் வளைந்த இரும்புக் கம்பத்தை வாசலருகே நட்டு, அதில் கூடையை மாட்டிக்கொள்ளலாம்.